மார்கரெட் நைட் அம்மையார்

பெண்களின் கைக்கு ஊசியும் நூலும் பொருந்தும், உளியும் சுத்தியும் பொருந்தா என்னும் எண்ணம் உலகில் நெடுங்காலமாக வேரூன்றி நிற்கிறது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் பயிலும் சிறுமியரின் உள்ளத்தில் இவ்வெண்ணம் குடிபுகுந்துவிடின், பின்னர் எத்தனை விஞ்ஞானச் சாலைகளைத் திறந்து வைத்தும் பயனில்லை. அதனைக் களைவதற்கு உபதேசத்தைவிட மெய்யான சரித்திரமே சிறந்த கருவியாகும். அத்தகைய சரித்திரங்களுள் ஒன்று அமெரிக்காவில் வாழ்ந்த மார்கரெட் நைட் அம்மையாருடையது.

1838-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ந் தேதி, மெயின் மாகாணத்து யார்க் என்னும் ஊரில் அவர் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். பொம்மைகளில் அவருக்குப் பற்றில்லை. மரத்துண்டும் கத்தியும் கிடைத்தால் போதும். சகோதரர்களுக்குக் காற்றாடிகளும், பனியில் சறுக்கிச் செல்லும் வண்டிகளும் செய்து கொடுத்து மகிழ்வார். வறுமையின் காரணமாகச் சிறு வயதிலேயே நியூ ஹாம்ப்ஷையர் மாகாணத்து மான்செஸ்டர் நகரப் பஞ்சாலையில் வேலைக்குச் செல்ல நேர்ந்தது.

அவருக்கு 12 வயதான காலத்தில், இரும்பு முனை கொண்ட நாடா ஒன்று தறியினின்று தெறித்து ஓர் இளந்தொழிலாளியைக் குத்திக் காயப்படுத்திற்று. இத்தகைய விபத்துக்கள் அக்காலத்து ஆலைகளில் புதியன அல்ல. எனினும் அச்சிறுமி அதனைக் கண்டு இரங்கியதோடு நின்றாளில்லை. நாடா வெளியே பாயாதபடி தடுக்கும் கருவியொன்றைச் சில வாரங்களுக்குள் அமைத்துக் காட்டினாள். அதற்கு அவள் பேடண்டு உரிமை பெறவில்லை. ஆகவே அதனால் ஒரு காசும் அவளுக்குக் கிட்டவில்லை.

1867-இல் மாஸசூஸெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டு நகரில் காகிதப் பை செய்யும் கம்பெனியொன்றில் அவர் வேலைக்கு அமர்ந்தார். அந்நாளில் யந்திரத்தால் செய்யப்பட்ட பைகள் கடித உறைபோல் அடி குறுகியிருந்தன. பண்டங்களை இட்டு நிமிர்த்தி வைக்க இயலாது. சதுர அடியுள்ள பைகளையோ கையாலேயே மடித்து ஒட்ட வேண்டியிருந்தது. காகிதத்தை வெட்டி, அடியை மடித்து, பசையிட்டு ஒட்டும் வேலைகள் யாவற்றையும் தானே செய்யும் யந்திரமொன்றை அவர் எண்ணிப் படங்கள் வரைந்து, மரத்தில் மாதிரி செய்து பார்த்தார். பின்னர் அதனை இரும்பில் அமைக்கப் பாஸ்டன் நகரத்துப் பட்டறையொன்றில் ஏற்பாடு செய்தார்.

அவ்விடத்தில் அதனைப் பார்வையிட்ட சார்லஸ் அன்னான் என்பவர், அவ்வமைப்பைத் தமதெனக் கூறிப் பேடண்டு பெற்றுக் கொண்டார். அம்மையார் வழக்காடத் துணிந்தார். யந்திரத்தின் நுட்பங்களை ஒரு பெண் அறிந்திருக்க முடியாது என்று எதிரி வாதிட்டதாகச் சொல்லப்படுகிறது. அதற்கு அவர் கண்ணீரால் விடை கூறவில்லை. வரைபடங்களையும், குறிப்புக்களையும், மாதிரிகளையும், தம் வேலையைக் கண்ணாரக் கண்ட சாட்சிகளையும் முன் நிறுத்தினார். வக்கீலுக்கு நாளொன்றுக்கு 100 டாலர் செலவிட்டு, 16 நாட்கள் விசாரணையில் நின்று வென்றார். 1871-ஆம் ஆண்டு ஜூலை 11-ந் தேதி 116,842 என்னும் எண்ணுள்ள பேடண்டு அவர் பெயரில் பதிவாயிற்று.

அதன்பின் ஜோடுகளின் அடித்தோலை வெட்டும் யந்திரங்கள், ஜன்னல் சட்டம், சுழல் எஞ்சின் எனப் பலவற்றை அவர் கண்டார். பெற்ற பேடண்டுகள் 20-க்கு மேற்பட்டவை. ஆயினும் 1914 அக்டோபர் 12-இல் அவர் காலமானபோது எஞ்சியிருந்த ஆஸ்தி சுமார் 275 டாலரே. 2006-இல் அமெரிக்க தேசியக் கண்டுபிடிப்பாளர் மண்டபத்தில் அவருக்கு இடமளிக்கப்பட்டது.

இச்சரித்திரத்தை வகுப்பில் கூறும் உபாத்தியாயர் வெற்றியை மட்டும் கூறி நிறுத்தலாகாது. அவர் ஏமாற்றப்பட்டதையும், செல்வம் சேர்க்காமல் இறந்ததையும் ஒளியாமல் கூறவேண்டும். அறிவுள்ளவர்க்கு அநீதி நேராது என்று சிறுவர்க்குப் பொய் கூறுவதைவிட, நேர்ந்த அநீதியை எதிர்க்க எழுதி வைத்த குறிப்பே துணை நின்றது என்னும் உண்மையைக் கூறுவது நலம். கதையைக் கேட்ட மாணவியின் கையில் அன்றே ஒரு திருப்புளியையும் ஒரு குறிப்புப் புத்தகத்தையும் கொடுப்பது அதனினும் நலம். பஞ்சாலைச் சிறுமியின் கண்ணில் பட்டது பிறர் துன்பம். அத்துன்பமே அவளுக்கு முதற் பாடமாயிற்று. அத்தகைய கண்கள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. அவற்றை மூடாதிருப்பது பெரியோர் கடமை.