தளராத தத்துவ போதகர்

குருக்களுக்குக் கவலை ஏது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். திருப்பலி, நோயாளர் சந்திப்பு, பங்கு மக்களின் வழக்குகள், மேலிடத்தின் கட்டளைகள் என அவர்கள் தோளில் ஏறும் சுமையை நாம் காண்பதில்லை. அத்தகைய சுமையைப் பொறுமையுடன் தாங்கியவர், தத்துவ போதகர் எனத் தமிழர் அழைத்த இராபர்ட் தே நோபிலி அடிகளார்.

1577-இல் இத்தாலியில் உயர்குடியில் பிறந்த அவர், குடும்பத்தாரின் எதிர்ப்பையும் மீறி இயேசு சபையில் சேர்ந்தார். 1605-இல் கோவாவுக்கும், 1606-இல் மதுரைக்கும் வந்தார். கிறிஸ்தவர் ஆவதென்றால் ஐரோப்பியராக மாறுவது என்று அக்கால மக்கள் அஞ்சியதை உணர்ந்தார். எனவே காவி உடுத்தார், புலால் துறந்தார், தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றார்.

துன்பம் வெளியாரிடமிருந்து மட்டும் வரவில்லை. உடன் உழைத்த குருவே அவர்மீது மேலிடத்துக்குக் குற்றச்சாட்டு எழுதினார். கோவாவிலும் உரோமையிலும் விசாரணை நடந்தது. புதியவர்களுக்குத் திருமுழுக்கு அளிக்கவும் சில காலம் தடை இருந்தது. 1619-இல் கோவாவில் கூடிய அவையில் பெரும்பாலோர் அவரை எதிர்த்தனர். சொந்த வீட்டாரே சந்தேகித்தால் யாருக்குத்தான் நெஞ்சு உடையாது?

அடிகளார் என்ன செய்தார்? சினந்து சபையை விட்டு விலகவில்லை, வாய்மூடி ஒதுங்கவுமில்லை. தம் நிலையை விளக்கி நூல் எழுதினார். செபத்தையும் படிப்பையும் விடாது தொடர்ந்தார். தமக்குத் துணைநின்ற கிராங்கனூர்ப் பேராயரிடம் மனம்விட்டுப் பேசினார். 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்.

அவர் சாதி வேற்றுமைகளுக்கு இடங்கொடுத்தது இன்று நமக்கு உடன்பாடன்று. ஆயினும் அவரது மனவுறுதி நாம் கற்கத் தக்கது. பிற்காலத்தில் மதுரையில் சிறைப்பட்டார். முதுமையில் கண்ணொளி குன்றியபோதும், தாம் சொல்லப் பிறர் எழுதத் தமிழ் நூல்களை ஆக்கினார். 1656-இல் மயிலாப்பூரில் இறைவனடி சேர்ந்தார். ஞானோபதேசம் முதலிய அவரது நூல்கள் தமிழ் உரைநடை வளர்ச்சியில் இடம்பெற்றுள்ளன.

நெய்வேலிச் சுரங்கத்தை அடுத்து வாழும் நாம் ஒன்றை அறிவோம். மண்ணின் அழுத்தத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்த மரங்களே நிலக்கரியாகி நமக்கு ஒளி தருகின்றன. அடிகளாரின் வாழ்வும் அத்தகையதே. நம் பங்குக் குருவைக் காணும்போது, நம் குறைகளை மட்டும் சொல்லாமல், அவர் நலனையும் ஒரு வார்த்தை கேட்போம். அவருக்காகச் செபிப்போம்.