இன்சுலின் தந்த டாக்டர் பேண்டிங்

கனடா நாட்டில் அலிஸ்டன் என்ற ஊரின் அருகே, 1891-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி, விவசாயி வீட்டில் பிறந்தவர் பிரெடெரிக் பேண்டிங். டாக்டருக்குப் படித்தார். முதல் உலகப் போரில் காயம் அடைந்தார். ஊர் திரும்பி, வைத்தியத் தொழில் தொடங்கினார். முதல் மாத வருமானம் வெறும் 4 டாலர்!

அந்தக் காலத்தில் சர்க்கரை வியாதி வந்த குழந்தைகள் பிழைப்பது அரிது. பட்டினி போட்டு நாளைக் கடத்துவார்கள்.

கணையத்தில் இருந்து சர்க்கரையைக் குறைக்கும் மருந்தை எடுக்க வேண்டும் என்ற எண்ணம் பேண்டிங்குக்கு 1920-ல் உண்டாயிற்று. டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மெக்ளியாட் இடம் கொடுத்தார். பெஸ்ட் என்ற இளைஞர் துணை நின்றார். பிறகு கோலிப் என்ற நிபுணரும் சேர்ந்தார்.

மருந்தை முயல்களுக்குப் போட்டார் கோலிப். அளவு மிஞ்சியதும் முயல்களுக்கு வலிப்பு வந்தது. குளுகோஸ் கொடுத்ததும் தெளிந்தன. ரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்தாலும் ஆபத்து என்பது தெரிந்தது.

1922 ஜனவரியில் லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு ஊசி போடப்பட்டது. அவன் எலும்பும் தோலுமாக இருந்தான். எடை 30 கிலோ கூட இல்லை. முதல் மருந்து பலிக்கவில்லை. கோலிப் சுத்தம் செய்து கொடுத்த மருந்து பலித்தது. சிறுவன் பிழைத்தான்! மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

பின்னர், ஊசி போட்ட நோயாளிகள் சிலருக்குச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கியது. வியர்த்தது, நடுக்கம் கண்டது. ஆரஞ்சுச் சாறும் மிட்டாயும் கொடுத்துத் தெளிய வைத்தார்கள்.

1923-ல் பேண்டிங்குக்கும் மெக்ளியாடுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பேண்டிங் தன் பணத்தில் பாதியைப் பெஸ்ட்டுக்குக் கொடுத்தார். 1941-ல், 49 வயதில், விமான விபத்தில் இறந்தார்.

அவருக்குப் பின், கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்கச் செய்யும் மாத்திரைகளும் வந்தன. அவற்றிலும் அந்தப் பழைய ஆபத்து உண்டு. குறிப்பாக, இரண்டாம் வகைச் சர்க்கரை வியாதி உள்ள மெலிந்தவர்கள் கவனமாக இருக்க வேண்டும். மெலிந்த உடலில் பெரும்பாலும் இன்சுலின் எளிதில் வேலை செய்யும். பருத்தவருக்குப் பொருந்தும் அளவு மெலிந்தவருக்கு மிஞ்சிவிடலாம். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

நடுக்கம், வியர்வை, படபடப்பு கண்டால் உடனே சர்க்கரை சாப்பிட வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். உடம்பு இளைத்தால் டாக்டரிடம் சொல்லி, மருந்தின் அளவைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். தானாக நிறுத்தவும் கூடாது. தானாகக் கூட்டவும் கூடாது.

உயிர் காக்கும் மருந்துக்கும் அளவு உண்டு!