இரண்டு தீக்குச்சிகள்
(பேடன் பவல் பிரபுவின் வாழ்க்கை)

விளக்கேற்றாத வீடில்லை, அடுப்பெரியாத ஊரில்லை. நெருப்பின்றி நமக்கு ஒரு நாளும் கழிவதில்லை. ஆயினும் நெருப்பை மூட்டுவதற்கு ஒரு முறை உண்டு, காப்பதற்கு ஒரு முறை உண்டு, அணைப்பதற்கும் ஒரு முறை உண்டு என்று உலகச் சிறுவர் சிறுமியர்க்கு அதனை ஒரு பாடமாகவே வகுத்துத் தந்த பெரியார் ஒருவர் இருந்தார். அவர்தாம் சாரணர் இயக்கத்தின் தந்தையாகிய பேடன் பவல் பிரபு.

இராபர்ட் பேடன் பவல் 1857 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22 ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் வடிவக் கணிதப் பேராசிரியர். ஆங்கிலிக்கன் சபையின் குருவும் ஆவார். இராபர்ட்டின் மூன்றாம் வயதில், 1860 இல், தந்தையார் காலமானார். பிள்ளைகள் பலரையும் வளர்த்து ஆளாக்கும் பொறுப்பு முழுவதும் தாயார் ஹென்றியேட்டாவின் தோள்களில் விழுந்தது. அவர் மனந்தளராமல் அனைவரையும் படிக்க வைத்தார். பிற்காலத்தில் தாம் அடைந்த உயர்வுகள் யாவற்றுக்கும் தாயே காரணம் என்று பேடன் பவல் நன்றியோடு நினைத்து வந்தார்.

இராபர்ட் சார்ட்டர்ஹவுஸ் என்னும் பள்ளியில் பயின்றார். 1872 இல் அப்பள்ளி இலண்டனிலிருந்து கோடல்மிங் என்ற ஊருக்கு மாறியது. புதிய இடத்தில் பள்ளியை அடுத்து ஒரு சிறு தோப்பு இருந்தது. மாணவர்கள் அங்கே போகக்கூடாது என்பது விதி. ஆனால் இராபர்ட்டின் உண்மையான வகுப்பறை அத்தோப்பாகவே இருந்தது! அங்கே முயலைப் பிடித்துச் சுட்டுத் தின்பார். புகை மேலே கிளம்பினால் ஆசிரியர் கண்டுபிடித்து விடுவாரே? ஆகவே புகையில்லாமல் தீ மூட்டக் கற்றுக்கொண்டார். ஈர விறகு புகையும், காய்ந்த சுள்ளி புகையாது எரியும், பெருந்தீயைவிடச் சிறு தீயே சமையலுக்கு ஏற்றது என்பனவற்றை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. விதியை மீறியதை நாம் பின்பற்ற வேண்டியதில்லை; கூர்ந்து நோக்கிக் கற்ற பழக்கத்தைப் பின்பற்றலாம்.

1876 ஆம் ஆண்டு, தமது 19 ஆம் வயதில், அவர் குதிரைப்படை அதிகாரியாக இந்தியாவுக்கு வந்து இலட்சுமணபுரி எனப்படும் லக்னோவில் பணியேற்றார். பின்னர் ஆப்பிரிக்காவிலும் பணிபுரிந்தார். காட்டில் வழி கண்டுபிடிப்பது, காலடித் தடங்களைப் படிப்பது, கிடைத்ததைக் கொண்டு சமைத்து உண்பது ஆகியவற்றைத் தாமும் பழகித் தம் வீரர்களுக்கும் பழக்கினார். அப்பயிற்சிகளைத் தொகுத்து 1899 இல் படைவீரர்களுக்கென ஒரு நூல் வெளியிட்டார்.

அதே ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டது. மாஃபெகிங் என்ற சிற்றூரைப் பகைவர் சூழ்ந்து கொண்டனர். அவ்வூரை 217 நாட்கள் காத்து நின்றமையால் பேடன் பவலின் பெயர் இங்கிலாந்து முழுவதும் பரவியது. ஆனால் உண்மையை மறைத்து ஒருவரைப் புகழ்வது முறையன்று. அவர் பிறர் நாடுகளை அடக்கி ஆண்ட ஒரு பேரரசின் படைத்தலைவர். அந்த முற்றுகையின்போது வெள்ளையர்க்குக் கிடைத்த உணவு கறுப்பின மக்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்களில் பலர் பட்டினியால் மாண்டனர். வெற்றி விழாக் கொண்டாடிய காலத்தில் அவர்களை நினைத்தவர் சிலரே. இன்று வாழ்க்கை வரலாறு படிக்கும் நாமாவது நினைக்க வேண்டும்.

அம்முற்றுகையில் பேடன் பவல் கண்ட காட்சி ஒன்று அவர் வாழ்வையே திருப்பியது. ஊரிலிருந்த சிறுவர்கள் ஒரு படையாகச் சேர்ந்து, குண்டு மழைக்கிடையிலும் செய்திகளைக் கொண்டு சென்றனர். பொறுப்பைக் கொடுத்தால் பிள்ளைகள் அதற்குத் தக உயர்வார்கள் என்பதை அவர் நேரில் உணர்ந்தார். ஊர் திரும்பியபோது, படைவீரர்களுக்காகத் தாம் எழுதிய நூலைப் பள்ளிச் சிறுவர்களே ஆவலோடு படித்து வருவதைக் கண்டு வியந்தார். போருக்கல்லாமல் நல்வாழ்வுக்காக அப்பயிற்சியைச் சிறுவர்க்கு அளித்தால் என்ன என்ற எண்ணம் பிறந்தது.

1907 ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் பிரவுன்சி என்னும் சிறு தீவில் ஏறத்தாழ 20 சிறுவர்களோடு அவர் ஒரு முகாம் நடத்தினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் ஏழைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே கூடாரத்தில் உறங்கி, ஒரே நெருப்பைச் சுற்றி அமர்ந்தனர். இரவுதோறும் பாசறைத் தீயருகே அவர் கதை சொன்னார். அடுத்த ஆண்டு, 1908 இல், சிறுவர்க்கான சாரண நூலை வெளியிட்டபோது அதன் அத்தியாயங்களுக்குப் பாசறைத் தீக் கதைகள் என்றே பெயரிட்டார்.

சாரணர்க்கு அவர் வைத்த தேர்வுகளில் ஒன்று நம்மைச் சிந்திக்க வைப்பது. திறந்த வெளியில் விறகு அடுக்கித் தீ மூட்ட வேண்டும். அதற்கு இரண்டு தீக்குச்சிகளுக்கு மேல் செலவழிக்கக் கூடாது! கேட்பதற்கு எளிது. செய்து பார்த்தால்தான் அருமை தெரியும். பெரிய கட்டையில் குச்சியைக் காட்டினால் குச்சி கருகுமேயன்றிக் கட்டை பற்றாது. முதலில் தரையிலுள்ள புல்லையும் சருகையும் அகற்ற வேண்டும். அடுத்து மெல்லிய சீவல்களையும் சுள்ளிகளையும் காற்றுப் புகும்படி அடுக்க வேண்டும். அதன்மேல் விரல் பருமனுள்ள குச்சிகள், பிறகே கட்டைகள். இவ்வளவும் முடிந்த பின்னர்தான் தீப்பெட்டியைத் தொட வேண்டும். தீ பற்றுவது ஒரு நொடியில். அதற்கான உழைப்போ அரை மணி நேரம். முன்னதாகவே ஆயத்தமாயிரு என்னும் சாரணர் குறிக்கோளின் முழுப்பொருளும் இந்தச் சிறு தேர்வில் அடங்கியிருக்கிறது.

தோழியரே, இதுவரை சிறுவர்களைப் பற்றியே எழுதி வந்தேன். சிறுமியர் எங்கே என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. 1909 இல் இலண்டன் பளிங்கு மாளிகையில் சாரணர் பேரணி நடந்தபோது, அழைக்கப்படாமலேயே ஒரு கூட்டம் சிறுமியர் சாரண உடையில் வந்து நின்றனர். தாங்களும் சாரணரே என்றனர். அவர்களைப் பேடன் பவல் புறக்கணிக்கவில்லை. 1910 இல் தம் தமக்கை... அல்ல, தம் இளைய சகோதரி ஆக்னஸின் துணையோடு சாரணியர் இயக்கத்தைத் தொடங்கினார். 1912 இல் அவர் மணந்த ஓலவ் அம்மையார் பின்னாளில் உலகச் சாரணியர் தலைவியானார். கணவன் மனைவி இருவர்க்கும் பிறந்தநாள் ஒன்றே. அந்தப் பிப்ரவரி 22 ஆம் நாளைத்தான் உலகெங்கும் சாரணியர் சிந்தனை நாளாகக் கொண்டாடுகின்றனர்.

1911 இலேயே ஜபல்பூரில் இந்தியாவின் முதல் சாரணியர் குழு அமைந்தது. ஆனால் தொடக்க காலத்தில் இந்நாட்டுச் சாரணர் படைகளில் இந்தியச் சிறுவர்களுக்கு இடமளிக்கப்படவில்லை. இக்குறையைப் போக்க அன்னிபெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கெனத் தனிச் சாரணர் சங்கம் கண்டார். 1921 இல் பேடன் பவல் தம்பதியர் இந்தியா வந்தபோது அம்மையாரின் சங்கம் அவரது இயக்கத்தோடு இணைந்தது. விடுதலைக்குப் பின், 1950 இல் பல சாரணர் அமைப்புகளும் ஒன்றாகிப் பாரத சாரணர் இயக்கம் உருவாயிற்று. 1951 இல் சாரணியரும் அதில் சேர்ந்தனர். மூடியிருந்த கதவு இவ்வாறு திறந்தது.

இரண்டு தீக்குச்சித் தேர்வை இன்று நாம் ஏற்காட்டிலோ கொல்லிமலையிலோ, ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த மாலையில் எழுத நேர்ந்தால் என்ன செய்வோம்? சுள்ளியெல்லாம் நனைந்திருக்கும். அதற்கு உதவுவது மெழுகுத் தீமூட்டி. நமது நாமக்கல் பகுதியில் முட்டை அட்டைக்குப் பஞ்சமேயில்லை. காகிதக் கூழால் செய்த அட்டையின் குழிகளில் தச்சுப்பட்டறையின் உலர்ந்த மரத்தூளையோ தேங்காய் நாரையோ முக்கால் பங்கு நிரப்ப வேண்டும். மின்தடைக்கு வாங்கி எரித்த மெழுகுவர்த்தித் துண்டுகளை உருக்கி அதன்மேல் ஊற்ற வேண்டும். நன்றாக ஆறியபின் குழி குழியாக வெட்டி டப்பாவில் வைத்துக் கொண்டால், மழையிலும் கெடாது. அட்டையும் தூளும் திரியாக நின்று மெழுகை உறிஞ்சிக் கொடுப்பதால், ஒரு குச்சியில் பற்றிச் சில நிமிடங்கள் நின்றெரியும். பிளாஸ்டிக் அட்டை இதற்கு ஆகாது; அதன் புகை நஞ்சு.

ஆனால் இதனைச் செய்யும்போது பெரியவர் ஒருவர் கட்டாயம் உடனிருக்க வேண்டும். மெழுகை நேரே அடுப்பில் வைக்கவே கூடாது. அளவு மீறிச் சூடேறினால் அதன் ஆவி குப்பென்று தீப்பிடிக்கும். அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதனுள் சிறு தகரக் குவளையில் மெழுகை இட்டு உருக்க வேண்டும். மெழுகு உருக ஏறத்தாழ 60 பாகை வெப்பம் போதும். தண்ணீரோ 100 பாகைக்கு மேல் சூடேறாது. ஆகவே தண்ணீரே நமக்குக் காவல். அது வற்றாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். அடுப்பை அணைத்த பின்னரே மெழுகை ஊற்ற வேண்டும். தாவணி, துப்பட்டா நுனிகளைச் செருகிக் கொண்டு, சடையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். தப்பித் தவறி மெழுகு தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர் நொடியில் ஆவியாகி எரியும் மெழுகை நாற்புறமும் வாரி இறைக்கும். அடுப்பை நிறுத்தி, மூடியால் மூடுங்கள். கையில் சுட்டுவிட்டால் பற்பசை, மை, எண்ணெய் எதையும் தடவாமல் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். தீயணைப்பு நிலையத்துக்கு 101, ஆம்புலன்சுக்கு 108 என்பதை மனத்தில் எழுதிக் கொள்ளுங்கள்.

தீ மூட்டுமுன் இடம் பார்ப்பதும், புறப்படுமுன் தண்ணீர் ஊற்றிச் சாம்பலைக் கிளறிக் கையால் தொட்டுக் குளிர்ந்ததா என்று பார்ப்பதும் சாரணியர் கடமை. பாதுகாக்கப்பட்ட காட்டில் தீயே மூட்டக்கூடாது. 2018 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடந்ததை நம் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். மலையேறச் சென்றவர்கள் காட்டுத் தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் உயிரிழந்தனர். அவர்களுள் பெண்கள் பலர். கோடையில் காய்ந்த புல்லில் காற்றும் சேர்ந்தால் தீ எவ்வளவு விரைந்தோடும் என்பதற்கு அது மாறாத சாட்சி. கொல்லிமலையிலும் சேர்வராயன் மலையிலும் பங்குனிப் புல் அதே போன்றதுதான்.

பேடன் பவல் 1920 இல் உலகச் சாரணர் தலைவராக அறிவிக்கப் பெற்றார். 1929 இல் பிரபுப் பட்டம் பெற்றார். 1937 இல் மீண்டும் இந்தியா வந்து தில்லியில் நடந்த சாரணர் பெருவிழாவில் கலந்து கொண்டார். இறுதி நாட்களைக் கென்யா நாட்டின் நியேரி என்னும் ஊரில் கழித்து, 1941 ஆம் ஆண்டு சனவரி 8 ஆம் நாள் தமது 83 ஆம் வயதில் காலமானார். அவரது கல்லறைக் கல்லில் ஒரு வட்டமும் அதன் நடுவே ஒரு புள்ளியும் பொறிக்கப்பட்டுள்ளன. காட்டு வழியில் சாரணர் இட்டுச் செல்லும் அடையாளம் அது. நான் வீடு திரும்பிவிட்டேன் என்பது அதன் பொருள்.

பாஸ்காத் திருவிழிப்பு இரவில் ஆலய முற்றத்தில் புதுத்தீ மூட்டப்படுவதையும், அதிலிருந்து பாஸ்காத் திரியும் பின்னர் நம் கைத்திரிகளும் ஒவ்வொன்றாய் ஏற்றப்படுவதையும் நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். ஒரு சிறு சுடர் ஆலயம் முழுவதையும் நிறைப்பதற்குக் காரணம், ஒவ்வொருவரும் அதை அணையாமலும் அடுத்தவர்மேல் படாமலும் காத்துக் கொடுப்பதே. பேடன் பவல் கற்பித்ததும் அதுவே. மூட்டத் தெரிந்தவளே காக்கவும் அணைக்கவும் தெரிந்தவளாய் இருக்க வேண்டும். அழையாமலே வந்து நின்ற அந்த 1909 ஆம் ஆண்டுச் சிறுமியரின் துணிவோடும், இரண்டு தீக்குச்சிக்காக அரை மணி நேரம் விறகடுக்கும் பொறுமையோடும் நாம் வாழக் கற்போமாக!