கட்டிலருகே ஒரு கல்லூரி

தேர்வு என்ற சொல்லைக் கேட்டு நெஞ்சு படபடக்காத மாணவர் நம்மில் யார்? ஆயினும், நம் கேள்வித்தாள் வெறும் தாள்தான். அதற்கு முகம் இல்லை, வலி இல்லை, அது இருமுவதும் இல்லை. மருத்துவம் பயில்வோர்க்கு வைக்கப்படும் ஒரு தேர்வில் மட்டும் கேள்வித்தாளே ஒரு மனிதர். அவர் கட்டிலில் படுத்திருப்பார். ஏறக்குறைய முக்கால் மணி நேரத்திற்குள் அவரிடம் பேசி, தொட்டு, தட்டி, கேட்டு, அவர் உடலுக்குள் நிகழ்வது என்ன என்று மாணவர் கண்டறிய வேண்டும். பிறகு தேர்வாளர் வருவார்; கேள்விகள் தொடுப்பார். 'லாங் கேஸ்' என்று மருத்துவ மாணவர் நடுக்கத்தோடு சொல்வது இதைத்தான்.

என் அக்கா இறுதியாண்டில் இந்தத் தேர்வில் தோற்றாள். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண், செய்முறையில் தோல்வி. அவளுக்குக் கிடைத்த நோயாளி மூச்சுத்திணறலோடு படுத்திருந்த நடுத்தர வயதினர். மூச்சுத்திணறலுக்கான காரணங்களை ஒன்று முதல் இருபது வரை அக்கா தடையின்றி ஒப்பித்தாள். தேர்வாளர் கடைசியாக ஒன்று கேட்டார். இவர் என்ன வேலை செய்கிறார் என்பதே அந்தக் கேள்வி. அக்காவுக்குத் தெரியவில்லை. அவள் கேட்கவே இல்லை. தேர்வாளர் நோயாளியின் பக்கம் திரும்பினார். இருபது ஆண்டுகளாகக் கல் குவாரியில் கல் உடைப்பதாக அந்த மனிதர் மெல்லிய குரலில் சொன்னார். கல்தூசு நுரையீரலில் படிந்து உண்டாகும் சிலிகோசிஸ் நோய் பற்றி அக்கா பக்கம் பக்கமாகப் படித்திருந்தாள். நோய் கண் முன்னே படுத்திருந்தது. அவள் பார்க்கவில்லை.

வீடு திரும்பிய அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் என்னை அழைத்துக் கட்டிலில் படுக்கச் சொன்னாள். அன்று முதல் நான் அவளுடைய நோயாளி ஆனேன். மாலைதோறும் என் நெஞ்சில் விரல் வைத்துத் தட்டுவாள். வயிற்றை அழுத்தி மண்ணீரலைத் தேடுவாள். நான் கிடைக்காத நேரங்களில் அரிசி டிரம்மைத் தட்டி, எதுவரை அரிசி இருக்கிறது என்று ஓசையால் கண்டுபிடிப்பாள். அம்மா சிரிப்பார்.

அந்த நாள்களில்தான் நம் கல்லூரி நூலகத்தின் அடித்தட்டில், தூசி படிந்த ஒரு வாழ்க்கை வரலாறு என் கையில் அகப்பட்டது. சர் வில்லியம் ஆஸ்லர் என்ற பெயரைச் சொன்னதும் அக்கா உடனே விடை சொன்னாள். இதய உட்சுவர் அழற்சியில் விரல் நுனிகளில் தோன்றும் வலியுள்ள சிறு முடிச்சுகளுக்கு ஆஸ்லர் முடிச்சுகள் என்று பெயராம். அவளுக்கு ஆஸ்லர் என்பவர் ஒரு மதிப்பெண். அந்த முடிச்சுகளுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார் என்பதை அவள் எண்ணிப் பார்த்ததே இல்லை. கட்டிலில் படுத்தபடியே நான் படித்துச் சொல்லத் தொடங்கினேன்.

ஆஸ்லர் 1849-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள், கனடாவின் பாண்ட் ஹெட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஒரு பாதிரியார். இளமையில் ஆஸ்லர் செய்த குறும்புகளுக்கு அளவே இல்லை. அதற்காக ஒரு பள்ளியிலிருந்து விலக்கவும் பட்டார். அவரை மாற்றியவர் வெஸ்டன் நகரப் பள்ளியில் வாய்த்த ஜான்சன் என்னும் ஆசிரியர். அவரும் பாதிரியாரே. ஆனால் மாணவர்களைக் குளங்களுக்கும் காடுகளுக்கும் அழைத்துச் சென்று, ஒரு துளி நீரை நுண்ணோக்கியின் கீழ் வைத்துக் காட்டியவர். விலங்கியல் மாணவனாகிய எனக்கு இந்த இடத்தைப் படித்தபோது மெய்சிலிர்த்தது. பாதிரியாராகும் எண்ணத்தோடு 1867-இல் டொராண்டோவில் கல்லூரி சேர்ந்த ஆஸ்லர், அடுத்த ஆண்டே மருத்துவத்திற்கு மாறினார். அங்கே பவெல் என்னும் மருத்துவர் தம் நூலகத்தை அவருக்குத் திறந்துவிட்டார். பின்னர் மாண்ட்ரியால் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஹவர்ட் என்னும் பேராசிரியர் வழிகாட்டினார். 1872-இல் ஆஸ்லர் பட்டம் பெற்றார். இருபது ஆண்டுகள் கழித்துத் தாம் எழுதிய பெருநூலை இந்த மூன்று ஆசான்களுக்கே காணிக்கை ஆக்கினார் என்றால், அவருடைய நன்றியுணர்வை என்னென்பது!

பட்டம் பெற்றபின் ஈராண்டுகள் லண்டன், பெர்லின், வியன்னா ஆகிய நகரங்களில் மேற்கல்வி. லண்டன் ஆய்வுக்கூடத்தில் இரத்தத்தைக் கூர்ந்து நோக்கி, இன்று நாம் தட்டணுக்கள் என்று படிக்கும் நுண்துகள்களை விவரித்த முன்னோடிகளுள் ஒருவரானார். 1874-இல் மெக்கில் அவரை ஆசிரியராக அழைத்தபோது வயது 25. பெரியம்மை வார்டில் பணிபுரிய முன்வந்தார், அந்த நோய் அவரையும் தொற்றியது, நல்வேளையாகத் தப்பினார். அந்த வார்டில் உழைத்துப் பெற்ற ஊதியத்தில் தமக்கென்று எதுவும் வாங்கவில்லை. மாணவர்களுக்கு நுண்ணோக்கிகள் வாங்கினார்.

மாண்ட்ரியால் பொது மருத்துவமனையில் அவர் செய்த பிணப் பரிசோதனைகள் 700-க்கும் மேற்பட்டவை. அந்த அறைதான் அவருக்கு உண்மையான பள்ளி. உயிரோடு இருந்தபோது மருத்துவர் கூறியது ஒன்று. உடலைத் திறந்தபோது கண்டது வேறொன்று. இத்தகைய பிழைகளை ஆஸ்லர் மறைக்கவில்லை. தம்முடைய பிழையானாலும் மாணவர் முன் எடுத்துக்காட்டினார். இந்தப் பகுதியைப் படித்தபோது என் விலா எலும்பின் மேல் தட்டிக்கொண்டிருந்த அக்காவின் விரல் நின்றுவிட்டது. மறுபடியும் படிக்கச் சொன்னாள்.

1884-இல் ஆஸ்லர் அமெரிக்காவின் பிலடெல்பியா நகருக்குச் சென்றார். அந்நாளில் அந்நாட்டு மருத்துவக் கல்வியின் நிலை இரங்கத்தக்கது. பல பள்ளிகளில் பெரிய மண்டபத்தில் சொற்பொழிவு கேட்டாலே போதும். ஒரு நோயாளியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் மருத்துவராகிவிடலாம். தட்டிக் கேட்டு நெஞ்சின் நிலை அறியும் முறையை ஆஸ்திரியாவின் அவன்புருக்கர் 1761-இலேயே வெளியிட்டிருந்தார். பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் 1816-இலேயே ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்திருந்தார். கருவிகள் இருந்தன, கற்பிக்கும் முறை இல்லை.

அந்த முறையைப் படைக்கும் வாய்ப்பு 1889-இல் வந்தது. பால்டிமோர் நகரில் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் தலைமை மருத்துவராக ஆஸ்லர் அமர்ந்தார். 1893-இல் அதன் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. பட்டம் பெற்றவரே சேரலாம் என்ற கடும் விதி. பெண்களுக்கும் ஆண்களோடு சரிநிகர் இடம். மேரி காரெட் என்னும் பெருமாட்டி இந்த நிபந்தனைகளோடுதான் பெருநிதி அளித்திருந்தார். இவ்வளவு கடும் விதிகள் இருந்திருந்தால் மாணவராக நாமே இங்கு நுழைந்திருக்க முடியாது. நல்வேளை, பேராசிரியராக நுழைந்துவிட்டோம் என்று ஆஸ்லர் தம் நண்பர் வெல்ச்சிடம் வேடிக்கையாகச் சொன்னாராம்.

முதல் வகுப்பு மாணவர் மேலாண்டுகளை எட்டியதும் ஆஸ்லர் அவர்களை மண்டபத்திலிருந்து வார்டுக்கு அழைத்துச் சென்றார். மூன்றாம் ஆண்டில் புறநோயாளிப் பகுதியில் பயிற்சி. நான்காம் ஆண்டில் ஒவ்வொரு மாணவர் பொறுப்பிலும் சில கட்டில்கள். அந்தக் கட்டில்களில் வரும் நோயாளியின் வரலாற்றை மாணவரே கேட்டு எழுத வேண்டும். உடலை மாணவரே பரிசோதிக்க வேண்டும். இரத்தத்தையும் சிறுநீரையும் ஆய்வுக்கூடத்தில் மாணவரே சோதிக்க வேண்டும். ஆஸ்லர் காலையில் சுற்றி வரும்போது, கட்டிலருகே நின்று தாம் கண்டதைச் சொல்ல வேண்டும். கண்டதை மட்டுமே சொல்ல வேண்டும். நூலில் படித்ததைக் கண்டதாகச் சொல்லக் கூடாது. பிரிட்டனின் மருத்துவமனைகளில் இத்தகைய பழக்கம் முன்பே இருந்தது. ஆஸ்லர் அதை ஒரு கல்லூரியின் முதுகெலும்பாகவே ஆக்கினார். மாணவர் மருத்துவமனைக்கு வந்துபோகும் விருந்தினர் அல்லர். அதன் உழைப்பாளி என்றார். வாரம் ஒரு மாலை மாணவர்களைத் தம் இல்லத்திற்கு வரவழைத்து, அவர்கள் பார்த்த நோயாளிகளைப் பற்றியும், பழைய நூல்களைப் பற்றியும் பேசுவார். 1910-இல் அமெரிக்க மருத்துவப் பள்ளிகளை ஆய்ந்து அறிக்கை எழுதிய பிளெக்ஸ்னர், மற்ற பள்ளிகளுக்கு எடுத்துக்காட்டாகக் கொண்டது ஜான்ஸ் ஹாப்கின்ஸையே.

இதற்கிடையில், 1892-இல் ஆஸ்லரின் பொது மருத்துவப் பெருநூல் வெளிவந்தது. அதன் சிறப்பு அதன் நேர்மை. எந்த நோய்க்கு மருந்தில்லையோ, அங்கே மருந்தில்லை என்றே எழுதினார். 1897-இல் அந்நூலைப் படித்த கேட்ஸ் என்பவர் மருத்துவர் அல்லர். செல்வர் ராக்பெல்லரின் ஆலோசகர். இத்தனை நோய்களுக்கு மருந்தில்லையா என்று திகைத்து, ஆராய்ச்சிக்குப் பொருள் உதவத் தூண்டினார். 1901-இல் நியூயார்க் நகரில் ராக்பெல்லர் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. தெரியாததைத் தெரியாது என்று சொன்ன ஒரு நூலால் அறிவு வளர்ந்த கதை இது!

1905-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் அரசப் பேராசிரியர் பதவி ஆஸ்லரைத் தேடி வந்தது. 1911-இல் பாரோனெட் பட்டமும் வந்தது. 1913-இல் தேர்வுகளைப் பற்றியே ஓர் உரை நிகழ்த்தினார். படிப்பின் துணையாக இருக்க வேண்டிய தேர்வு படிப்பின் நோக்கமாகவே மாறிவிட்டதை அதில் கண்டித்தார். ஒரு நாள் பதிலை மட்டும் எடை போடாமல், பயிலும் காலம் முழுவதும் மாணவர் செய்த பணியையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று வாதாடினார்.

இத்தகைய பெருமகனார்க்கும் துயரம் விலக்களிக்கவில்லை. முதல் குழந்தை 1893-இல் பிறந்த சில நாள்களிலேயே இறந்தது. எஞ்சிய ஒரே மகன் ரெவியர், முதல் உலகப் போரில் 1917 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் போர்முனையில் காயமுற்றான். தந்தையை அறிந்த அறுவை மருத்துவர்கள் ஒன்றுகூடி முயன்றும் காக்க இயலவில்லை. எத்தனையோ பேர் பிள்ளைகளைப் பிழைக்க வைத்தவர், தம் பிள்ளையின் கட்டிலருகே நிற்கவும் கொடுத்துவைக்கவில்லை. 1919 டிசம்பர் 29-ஆம் நாள், நுரையீரல் நோயால் ஆக்ஸ்போர்டில் காலமானார். வயது 70. மாணவர்களுக்கு வார்டில் வைத்து மருத்துவம் கற்பித்தவர் என்பதைத் தவிர வேறு எந்தப் புகழுரையும் தம் கல்லறைக்கு வேண்டாம் என்று முன்னரே கூறியிருந்தார். அவர் சேர்த்த ஏறத்தாழ 8,000 நூல்கள் இன்று மெக்கில் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரால் அமைந்த நூலகத்தில் உள்ளன.

புத்தகம் முடிந்தது. மறுநாளிலிருந்து அக்காவின் பழக்கம் மாறியது. காலையிலேயே வார்டுக்குப் போனாள். ஒரு நாளைக்கு ஒரு நோயாளி, அவரை முழுமையாக. ஊர், தொழில், வீட்டில் யார் யார், என்ன சாப்பிடுகிறார், எதற்கு அஞ்சுகிறார் என்று கேட்டாள். நூலைத் தூக்கி எறிந்துவிடவில்லை. மாலையில் அன்று பார்த்ததற்கு உரிய பக்கத்தைத் திறந்து படித்தாள். முன்பு நூலிலிருந்து நோயாளிக்குப் போனவள், இப்போது நோயாளியிலிருந்து நூலுக்கு வந்தாள். மாற்றம் அவ்வளவுதான். ஆனால் அதுவே எல்லாம்.

ஆறு மாதம் கழித்து வந்த தேர்வில் அவளுக்குக் கிடைத்தவர் ஒரு பாட்டி. கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா என்றுதான் அக்கா தொடங்கினாளாம். பாட்டி தன் கதை முழுவதும் சொன்னார். அந்தக் கதைக்குள்ளேயே நோய் இருந்தது. அக்கா தேறினாள்.

தேர்வு முடிவு வந்த அன்று, வீட்டில் எல்லோரும் மகிழ்ந்திருக்க, அவள் மட்டும் எதையோ நினைத்தபடி இருந்தாள். பிறகு என்னிடம் சொன்னாள். முதல் தேர்வில் தோற்ற மறு வாரம், அந்தக் கல் குவாரித் தொழிலாளியிடம் மன்னிப்புக் கேட்க அதே வார்டுக்குப் போனாளாம். கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். அவர் பெயரும் அவளுக்கு நினைவில்லை. தேர்வின் அவசரத்தில் எழுதிய தாளிலேயே விட்டுவிட்டாள். நினைவில் இருப்பது கட்டில் எண் மட்டும். அந்த எண்ணைத் தன் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள். வேறு ஒன்றும் அந்தப் பக்கத்தில் இல்லை.

நண்பர்களே! நாம் மருத்துவம் பயில்வோர் அல்லோம். நமக்குத் தவளையும் பாறையும், கல்வெட்டும் கணக்கேடும்தான் பாடம். ஆயினும் படத்தைப் பார்த்துப் படம் வரைந்துவிட்டு, கண்ணாடிக் குடுவைக்குள் இருக்கும் உயிரினத்தை ஒரு முறையும் உற்றுப் பார்க்காமல் வெளியேறிய நாள்கள் எனக்கும் உண்டு. இப்போது குடுவையின் முன் சற்று நேரம் நிற்கிறேன். என்ன பார்த்தாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கு ஏதோ இருக்கிறது.