புதுவை கண்ட ஆனந்தரங்கர்

ஒரு வழக்கில் ஒரு பக்கத்தாரின் வாக்கை மாத்திரம் கேட்டுத் தீர்ப்பு உரைப்பது அறமாகாது. வரலாற்றுக்கும் இது பொருந்தும். கருநாடகப் போர்களைக் குறித்து ஆங்கிலரும் பிரெஞ்சுக்காரரும் எழுதிக் குவித்த ஏடுகள் பல. அப்போர்களை அருகிருந்து கண்டு தமிழில் எழுதி வைத்த பெருமகனார் ஆனந்தரங்கம் பிள்ளை.

பிள்ளையவர்கள் 1709ஆம் ஆண்டில் சென்னைப் பெரம்பூரில் பிறந்தார். தந்தை திருவேங்கடம் பிள்ளை வணிகத்தின்பொருட்டுப் புதுச்சேரியிற் குடியேறவே, மைந்தரும் அந்நகரிலேயே வளர்ந்து, பெரு வணிகராக விளங்கினார். 1747இல் ஆளுநர் தூப்ளேக்சின் தலைமைத் துபாஷியானார்.

1736 செப்டம்பர் 6ஆம் நாள் முதல் அவர் நாட்குறிப்பு எழுதலானார். கப்பல் வந்த செய்தி, சரக்கு விலை, அரண்மனைப் பேச்சு, ஊர் வழக்கு யாவும் அதில் இடம் பெற்றன. 1746இல் பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றியது. பணம் பெற்றுக்கொண்டு நகரை ஆங்கிலரிடம் திருப்பித் தர எண்ணினார் தளபதி லபூர்தொனே. தூப்ளேக்சு அதற்கு இசைந்தாரில்லை. பின்னாளில் இருவரும் தத்தம் செயலே நேரிது என நிலைநாட்ட நூல் எழுதினர். பிள்ளையின் குறிப்போ, அன்றன்று ஆளுநர் மாளிகையில் நிகழ்ந்ததை அன்றன்றே பதிந்தது. 1748இல் ஆங்கிலர் முற்றுகையின்போது புதுவை வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதையும், ஊராரின் துயரத்தையும் அதில் காண்கிறோம். வென்றவர் தோற்றவர் கணக்கினுள் அடங்காத மக்களின் குரல் அது.

எனினும், அந்நூலையும் முழுதும் நம்பிவிடல் தகாது. பிள்ளையவர்கள் செல்வர், பதவிக்குப் போட்டியிட்டவர், தூப்ளேக்சின் மனைவியார்மீது கடும் வெறுப்புக் கொண்டவர். அவ்வம்மையாரைப் பற்றி அவர் எழுதியனவற்றை எச்சரிக்கையோடு படித்தல் வேண்டும்.

1756இல் பிள்ளையவர்கள் பதவி இழந்தார். ஆங்கிலர் புதுவையை முற்றுகையிட்டிருந்த நாளில், 1761 சனவரி 12ஆம் நாள் காலமானார். நான்கு நாளில் நகரம் வீழ்ந்தது. மறைந்து கிடந்த அவர்தம் ஏடுகளை 1846இல் கலுவா மோம்ப்ரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்தார். சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பை 12 தொகுதிகளாக வெளியிட்டது.

தாயகம் விட்டு வந்து வாழும் நம் மக்கள், பள்ளிகளில் இப்போர்களை இரு ஐரோப்பியக் கும்பினிகளின் பூசலாகவே பயில்கின்றனர். ஆங்கிலர் நூலையும் பிரெஞ்சு நூலையும் பிள்ளையின் ஏட்டையும் அருகருகே வைத்து ஒப்பிட அவர்களைப் பழக்குவோமாக. மூன்றும் ஒத்துரைக்குமிடத்தில் ஐயம் குறையும். மாறுபடுமிடத்தில் ஆராய்ச்சி தொடங்கும்.