சிரிக்க வைத்த மதுரம் அம்மா

ஆண்டு விழா மலருக்கு ஒரு பெண்மணியின் வாழ்க்கையை எழுதித் தாருங்கள் என்று கூட்டமைப்பில் கேட்டார்கள். ஔவையார், வேலு நாச்சியார், முத்துலட்சுமி ரெட்டி என்று ஆளுக்கொரு பேர் சொன்னார்கள். அவர்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஒரு சிரிப்பு நடிகையைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள், பரவாயில்லை.

டி.ஏ. மதுரம் என்றால் நம் உறுப்பினர்களில் வயசான அக்காமார்களுக்கு உடனே தெரியும். சின்னப் பெண்களுக்கு கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் பேரைச் சொன்னால்தான், ஓ அவருடைய ஜோடியா என்பார்கள். அந்த அம்மா பேர் எப்பவுமே அவர் பேருக்குப் பின்னாலேயே வந்தது. ஆனால் அவர் கைவிலங்கோடு ஜெயிலுக்குப் போன இரண்டரை வருஷம், கம்பெனி, வழக்கு, வீடு மூன்றையும் தாங்கியது யார் என்று கேட்டால் பதில் இந்த அம்மா பேர்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

மதுரம் எங்கள் திருச்சிக்காரர். 1918-ல் பிறந்தவர். தமிழில் பேசும் படம் வந்தது 1931-ல். இவர் 1935-ல் ரத்னாவளி படத்தில் நடிக்க வந்துவிட்டார், அப்போது வயசு பதினேழு. அந்தக் காலத்தில் சினிமாவில் நடிக்கிற பெண்ணை ஊர் என்னவெல்லாம் பேசும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதிலும் கதாநாயகி என்றால் பட்டுப் புடவை கட்டி அழகாக நின்று பாடலாம். சிரிப்பு நடிகை அப்படியில்லை. முகத்தைக் கோணணும், கத்தணும், துடைப்பத்தைத் தூக்கணும், பத்துப் பேர் பார்த்துச் சிரிக்கும்படி நடந்து காட்டணும். பின்னணி பாட ஆள் கிடையாது, பாட்டும் தானே பாடணும். வயசுப் பெண் இதற்கெல்லாம் துணிவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

மறுவருஷம் வசந்தசேனா என்ற படம். அப்போதெல்லாம் நம் ஊர்ப் படங்களை எடுக்க பம்பாய், கல்கத்தா, புனா என்று ரயிலேறிப் போவார்கள். இந்தப் படத்துக்குப் போனது புனா. அங்கேதான் கிருஷ்ணனைச் சந்தித்தார். கிருஷ்ணன் நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரர், சின்ன வயசில் நாடகக் கொட்டகையில் சோடா விற்று, பிறகு டி.கே.எஸ். சகோதரர்கள் கம்பெனியில் நடித்து வளர்ந்தவர். புனாவில் படக் கம்பெனியின் பணம் வந்து சேராமல் எல்லோரும் சாப்பாட்டுக்கே திண்டாடினார்கள், மதுரத்தின் கையில் இருந்த பணத்தைக் கேட்டு வாங்கித்தான் கிருஷ்ணன் அத்தனை பேருக்கும் சோறு போட்டார் என்று சினிமாக்காரர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். வட்டி கிடையாது, ஜாமீன் கிடையாது. அந்தக் கடன்தான் கல்யாணத்தில் முடிந்தது என்பார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லணும். கிருஷ்ணனுக்கு ஊரில் ஏற்கெனவே நாகம்மாள் என்ற மனைவி இருந்தார். மதுரத்துக்குப் பிறந்த ஒரே பெண் குழந்தையும் தங்கவில்லை. பிற்பாடு மதுரத்தின் தங்கை வேம்புவையும் கிருஷ்ணனே கட்டிக்கொண்டார். சென்னை மாகாணத்தில் இரண்டாம் தாரம் கூடாது என்று இந்துக்களுக்குச் சட்டம் வந்தது 1949-ல்தான். சட்டம் இல்லாத காலம் என்றாலும் இது என் மனசுக்கு ஒப்பவில்லை. நாகம்மாள் என்ன நினைத்தார் என்று யாரும் எழுதி வைத்ததாக நான் பார்க்கவில்லை.

இனி நடிப்புக்கு வருகிறேன். அம்பிகாபதி, திருநீலகண்டர், ஹரிதாஸ் என்று பாகவதரின் பெரிய படங்களில் எல்லாம் இந்த ஜோடி இருந்தது. கதை ஒரு பக்கம் ஓடும், இவர்கள் காமெடி ஒரு பக்கம் தனியாக ஓடும். இவர்கள் பகுதியை இவர்களே யோசித்து, தங்கள் ஆட்களை வைத்து எடுத்துப் படத்தோடு சேர்த்துக் கொடுப்பார்கள். இன்றைய பேச்சில் சொன்னால் தனி யூனிட், சொந்தத் தொழில். 1941-ல் சந்திரஹரி என்று ஒரு படம். பொய்யே சொல்லாத அரிச்சந்திரனைத் தலைகீழாகப் புரட்டி, உண்மையே பேசாத ராஜாவாக்கி பம்மல் சம்பந்த முதலியார் எழுதிய நாடகம் அது. அதிலும் இவர்கள்தான்.

இந்த அம்மாவின் சிரிப்பில் எனக்குப் பிடித்தது, அடி வாங்கிச் சிரிக்க வைக்கிற சிரிப்பு இல்லை. புருஷன் பெரிய அறிவாளி மாதிரி ஆரம்பிப்பார். இவர் இடுப்பில் கை வைத்து ஒரு கேள்வி கேட்பார். அவர் சமாளிப்பார். இவர் விடமாட்டார். மூடநம்பிக்கையைப் பற்றியோ குடியைப் பற்றியோ அவர் சொல்ல வந்த கருத்து, இவர் கேட்ட கேள்வியால்தான் ஜனங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. கேட்கிற ஆள் சரியாக இல்லையென்றால் சொல்கிற ஆளின் நகைச்சுவை எடுபடாது. நம் கூட்டத்தில் கணக்கு வாசிக்கும்போது குறுக்கே கேள்வி கேட்கிற அக்கா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகைக்காரரைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் அவர் இறந்துபோனார். சினிமாக்காரர்களைப் பற்றித் தாறுமாறாக எழுதி வந்தவர் அவர். அந்தக் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரையும் கிருஷ்ணனையும் கைது செய்தார்கள். 1945-ல் இருவருக்கும் ஆயுள் தண்டனை. ஹைகோர்ட்டில் போட்ட அப்பீலும் தள்ளுபடி ஆனது.

அந்த தீபாவளிக்குத்தான் ஹரிதாஸ் வெளியாகியிருந்தது. சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம். உள்ளே திரையில் கிருஷ்ணனும் மதுரமும் ஜனங்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நிஜத்தில் அவர் ஜெயிலில். இவர் வக்கீல் வீட்டு வாசலில். இவருக்கு அப்போது இருபத்தேழு வயசு.

வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் ஒரு மாசம் படுத்தாலே நம் குடும்பங்கள் என்ன ஆகின்றன என்று தெரியும். தவணை நிற்கும், நகை அடகுக்குப் போகும், சொந்தக்காரர் வருவதைக் குறைத்துக்கொள்வார்கள். இங்கே கொலைக் கேஸ், ஆயுள் தண்டனை. அவரை நம்பிப் பிழைத்த நடிகர்கள் வேறு. மதுரம் அழுது உட்காரவில்லை. கணவரின் நண்பர் எஸ்.வி. சகஸ்ரநாமத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு என்.எஸ்.கே. நாடக சபாவை நடத்தினார்.

நாடகக் கம்பெனி என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஊர் ஊராகப் போய்க் கொட்டகை பிடித்து, கம்பெனி வீடு எடுத்து, நடிகர் முதல் சீன் இழுக்கிற பையன் வரை எல்லோருக்கும் அடுப்பு மூட்டணும். ராத்திரி டிக்கெட் வசூல் வந்தால்தான் காலையில் அரிசி. மழை பெய்தால் வசூல் இல்லை. வசூல் இல்லையென்றாலும் பசி இருக்கும். இந்தச் செலவோடு வழக்குச் செலவும் சேர்ந்தது. அப்போது நமக்கு சுப்ரீம் கோர்ட் கிடையாது. ஹைகோர்ட்டுக்கு மேலே லண்டனில் உள்ள பிரிவி கவுன்சில்தான். அங்கே வழக்குக் கொண்டுபோக எவ்வளவு பணம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

சகஸ்ரநாமம் எழுதிய பைத்தியக்காரன் என்ற நாடகம் நன்றாக ஓடியது. விதவை மறுமணத்தைப் பற்றிய கதை. நாடகம் ஓடியதும் அதையே படமாக எடுக்கத் துணிந்தார்கள்.

லண்டனில் வழக்கைத் திரும்ப விசாரிக்கச் சொன்னார்கள். சென்னையில் வக்கீல் எதிராஜ் வாதாடினார். 1948-ல் சென்னையில் பெண்களுக்கென்று எதிராஜ் கல்லூரி தொடங்கினாரே, அவர்தான். 1947 ஏப்ரலில் பாகவதரும் கிருஷ்ணனும் விடுதலை ஆனார்கள்.

வெளியே வந்த கிருஷ்ணனுக்குப் பைத்தியக்காரன் படத்திலேயே இடம் காத்திருந்தது. அவருக்காகப் புதுசாக ஒரு பாத்திரம் சேர்த்தார்கள். அவருக்கு ஜோடி வேண்டுமே, அதனால் மதுரம் அந்தப் படத்தில் இரட்டை வேடம். அந்த வருஷமே படம் வந்தது.

பாகவதரை நினைத்தால் பாவமாக இருக்கும். கிருஷ்ணனை விட எத்தனையோ மடங்கு பெரிய நட்சத்திரம். வெளியே வந்து ராஜமுக்தி எடுத்தார், ஓடவில்லை. பழைய நிலைமை திரும்பவே இல்லை, 1959-ல் காலமானார். கிருஷ்ணனோ 1949-ல் அண்ணாவின் கதை வசனத்தில் நல்லதம்பி, 1951-ல் தானே டைரக்ட் செய்த மணமகள் என்று நிமிர்ந்து நின்றார். ரசனை மாறியது, குரல் மாறியது என்று ஆயிரம் காரணம் சொல்வார்கள். என் கணக்கு வேறு. கிருஷ்ணன் திரும்பி வந்தபோது அடுப்பு அணையாமல் இருந்தது. கம்பெனி, ஆட்கள், ஒரு படம் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. அதை ஓட வைத்த கை மதுரத்தின் கை.

நல்லதம்பி மதுவிலக்கைப் பற்றிய படம். மாகாணம் முழுக்க மதுவிலக்கு அப்போது வந்திருந்தது. நம் ஊர்களில் சாராயத்தை எதிர்த்து மறியல் செய்த அக்காமார்கள் அவசியம் பார்க்கணும். அதிலும் இந்த அம்மா உண்டு.

கிருஷ்ணன் சம்பாதித்ததைக் கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தவர். கொடைவள்ளல் என்று ஊர் புகழும். வீட்டுக் கணக்குப் பார்க்கிறவளுக்குத்தான் அதன் பாரம் தெரியும். 1957 ஆகஸ்ட் 30-ல் அவர் இறந்தபோது அவருக்கு நாற்பத்தெட்டு வயசு, மதுரத்துக்கு முப்பத்தொன்பது. பெரிய சொத்து எதுவும் மிச்சமில்லை. வீட்டில் வளர வேண்டிய பிள்ளைகள் இருந்தார்கள். மதுரம் அதற்குப் பிறகு பதினேழு வருஷம் இருந்தார், 1974-ல் காலமானார்.

நாகர்கோவில் ஒழுகினசேரியில் கிருஷ்ணன் கட்டிய வீட்டுக்கு மதுர பவனம் என்று பேர். பட்டா யார் பேரில் இருந்ததோ, வாசலில் இருந்தது இந்த அம்மா பேர். அந்த வீடு கடனுக்கு ஏலம் போக இருந்ததையும், எம்.ஜி.ஆர். பணம் கட்டி மீட்டுக் குடும்பத்திடமே கொடுத்ததையும் அந்தப் பக்கத்து ஜனங்கள் இன்றும் சொல்வார்கள். பைத்தியக்காரன் படத்தில் சின்ன வேஷத்தில் நடித்தவர்களில் எம்.ஜி.ஆரும் ஒருவர்.