பணிவிடையைப் பயிற்சியாக்கிய பெருமாட்டி டாக்டர் ஐடா ஸ்கடர்

 

நோயாளியை நலம் விசாரிப்பது நம் மார்க்கம் வலியுறுத்தும் கடமைகளுள் ஒன்று. ஆனால் நலம் விசாரிப்பது வேறு. நோயாளியின் அருகிலிருந்து பராமரிப்பது வேறு. பராமரிப்புக்கு அன்போடு பயிற்சியும் வேண்டும் என்பதைத் தம் வாழ்நாள் முழுவதும் செயலில் காட்டியவர் வேலூர் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார். அவர் கிறித்தவ சமயத்தைச் சேர்ந்தவர். எனினும் அவருடைய வாழ்வின் திருப்பத்தில் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் துயரமும் கலந்திருப்பதால், அவ்வரலாறு நாம் அறிய வேண்டியதாகிறது.

1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் அவர் பிறந்தார். பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819இல் அமெரிக்காவிலிருந்து மருத்துவப் பணிக்காகக் கப்பலேறியவர். தந்தையாரும் மருத்துவரே. தாது வருடப் பஞ்சத்தின் கொடுமையைச் சிறுமியாக இருந்தபோதே கண்ட ஐடா, இந்நாட்டில் தங்கி வாழ விரும்பவில்லை. அமெரிக்கா சென்று கல்வி பயின்ற அவர், தாயார் நோயுற்றதால் அவருக்கு உதவியாக இருப்பதற்கென 1890இல் திண்டிவனம் வந்தார். தாயார் தேறியதும் திரும்பிவிடுவதே அவரது எண்ணம். மருத்துவமோ செவிலியமோ அவர் பயின்றிருக்கவில்லை.

அக்காலத்தில் திண்டிவனமும் நம் கள்ளக்குறிச்சியும் ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தன. திண்டிவனத்தில் ஓர் இரவு, பிராமணர் ஒருவர் கதவைத் தட்டினார். இளவயது மனைவி பிரசவ வேதனையில் துடிப்பதாகவும், ஐடா வந்து உதவ வேண்டும் என்றும் வேண்டினார். தமக்கு எதுவும் தெரியாது, தந்தையாரை அழைத்துச் செல்லுங்கள் என்றார் ஐடா. அந்நிய ஆடவரை மனைவியிடம் அனுமதிக்க இயலாதென மறுத்துத் திரும்பினார் அவர். பின்னர் ஒரு முஸ்லிம் கணவர் அதே வேண்டுகோளுடன் வந்து, அதே மறுப்புடன் திரும்பினார். மூன்றாவதாக வந்த மற்றோர் இந்துவும் அவ்வாறே திரும்பிச் சென்றார். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி வந்தது.

சில அடி தூரத்தில் தந்தையாரின் மருத்துவம் இருந்தது. அதை வீட்டுக்குள் எடுத்துச் செல்லப் பயிற்சி பெற்ற ஒரு பெண் இல்லை. அந்த ஒரு குறை மூன்று உயிர்களைக் கொண்டு போயிற்று. அன்றே தாம் மருத்துவம் கற்பதென ஐடா முடிவு செய்தார்.

அமெரிக்காவில் பயின்று, 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற அவர், 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலூர் வந்தார். அவ்வாண்டிலேயே தந்தையார் காலமானார். துணைக்கு எவருமின்றி வீட்டின் சிறிய அறை ஒன்றில் சிகிச்சையைத் தொடங்கினார். சமையலறையில் உதவியாளராக இருந்த சலோமி என்ற பெண்ணுக்குக் கட்டுப் போடுதல், கருவிகளைத் தூய்மை செய்தல் போன்றவற்றைக் கற்றுக்கொடுத்துத் தம் முதல் உதவியாளராக ஆக்கிக்கொண்டார். படிப்பு குறைந்த பெண்ணும் முறையாகக் கற்பித்தால் உயிர்காக்கும் பணியில் துணை நிற்க முடியும் என்பதற்கு அதுவே சான்றாயிற்று.

அமெரிக்க வங்கியாளர் ஒருவர் தம் மனைவியின் நினைவாக வழங்கிய 10,000 டாலரைக் கொண்டு 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. ஒருவரால் எத்தனை பேரைக் காக்க முடியும் என்ற எண்ணமே அவரை ஆசிரியராக்கியது. 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். பெண்கள் தேறுவது கடினம் எனப் பலர் ஐயுற்றனர். 1922இல் இறுதித் தேர்வெழுதிய 14 பேரும் தேறினர். 1946இல் செவிலியர் கல்லூரி உருவாயிற்று. திருமணம் செய்துகொள்ளாது பணியே வாழ்வாகக் கொண்ட அம்மையார், 1960 மே மாதம் கொடைக்கானலில் தம் 89ஆம் வயதில் மறைந்தார்.

இவ்வரலாறு நமக்குக் கூறுவதென்ன? 2019இல் நம் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. எனினும் கல்வராயன் மலையில் வெள்ளிமலையைச் சுற்றியுள்ள சிற்றூர் மக்கள் மலைப்பாதையில் இறங்கித்தான் பெரிய மருத்துவமனையை அடைய வேண்டும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின்னர் மாதக்கணக்கில் நோயாளியைக் காப்பது வீட்டிலுள்ள பெண்ணே. பக்கவாதத்தால் படுத்திருப்பவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிடில் படுக்கைப் புண் வரும். விழுங்க முடியாதவருக்கு அவசரமாக ஊட்டினால் உணவு மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். தன் முதுகு நோகாமல் நோயாளியைத் தூக்குதல், காய்ச்சலும் இரத்த அழுத்தமும் பார்த்துக் குறித்துவைத்தல், எப்போது மருத்துவரை அழைப்பதென அறிதல் ஆகிய அனைத்தும் கற்றுத் தெரிய வேண்டியவை. இவற்றைக் கற்பிக்கவே வீட்டு நோயாளர் பராமரிப்புப் பயிற்சிகள் ஏற்பட்டுள்ளன.

நம் வீட்டுப் பெண்களுக்கு நோய் என்றால் பெண் மருத்துவரும் பெண் செவிலியரும் வேண்டும் என்று கேட்கிறோம். கேட்பது முறையே. ஆனால் நம் மகளை அப்படிப்பிற்கு அனுப்ப மட்டும் ஏன் தயங்குகிறோம்? எல்லோரும் தயங்கினால் வந்து உதவுவோர் யார்? மதீனாவில் மாநபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைத்துக் காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்த ருஃபைதா (ரலி) அவர்களின் முன்மாதிரி நமக்கு இருக்கிறது. கைவிட்ட நம் மரபை மீட்டெடுப்பதே நாம் செய்ய வேண்டுவது.

திண்டிவனத்தில் மறுப்புடன் திரும்பிய அந்த முஸ்லிம் சகோதரரின் நிலை நம் மஹல்லாவில் எவருக்கும் நேராதிருக்க, பெற்றோர் தம் பெண்மக்களை இத்துறையில் ஊக்குவிக்க வேண்டும். எல்லாம் வல்ல அல்லாஹ் அதற்குத் துணை புரிவானாக. ஆமீன்.